சம்பளமில்லாத உதவியாள்

லீவுக்குக் கொட்டாரம் வந்த அக்கா மகன் செல்போனைத் தள்ளி வைத்ததும் வீடே மகிழ்ந்தது. அடுத்த நிமிஷம் பையிலிருந்து இருபது முகப் பகடை ஒன்றை எடுத்தான். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டமாம். அதில் இவன் மந்திரவாதி. கூடமாட வேலைக்கு ஒரு பிராணி வேண்டுமாம்.

ஆள் எடுக்கும் விதி 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் தெளிவாக இருக்கிறது. பத்துப் பொற்காசுக்குக் கரி, சாம்பிராணி, மூலிகை வாங்கி, பித்தளைத் தட்டில் போட்டு ஒரு மணி நேரம் புகைக்க வேண்டும். மூலிகைக்குக் கவலையில்லை, மருந்துவாழ் மலை பக்கத்தில்தான். புகைக்குள்ளிருந்து வரும் பிராணி சண்டை போடாது, வேவு பார்க்கும். நூறு அடிக்குள் இருந்தால் அதன் கண்வழியே எஜமான் பார்க்கலாம். அந்நேரம் தன்னைச் சுற்றி நடப்பது எதுவும் அவருக்குக் கண்ணிலும் படாது, காதிலும் விழாது. டிவியில் கிரிக்கெட் பார்க்கும் என் நிலைதான். பிராணி செத்தால் இன்னொரு பத்துக் காசுக்குச் சாம்பிராணி, அவ்வளவே.

பட்டியலை வாசித்தான்: பூனை, ஆந்தை, அண்டங்காக்கை, பாம்பு, எலி, பல்லி, நண்டு... என் அம்மா இடைமறித்தாள்.

"ஆந்தைய உள்ள கொண்டுவந்தா நான் வெளிய போயிருவேன் மக்ளே. காக்காய வேலை ஏவாத, அது ஒங்க பாட்டாவாக்கும். நண்டுன்னா ஒண்ணு காணாது, ஒரு கிலோ வாங்கு."

பதினைந்து பிராணி எழுதியவர்கள் கிளியை விட்டுவிட்டார்கள். நம்மூர்க் கோயில் வாசல்களில் கிளிதான் கூண்டைவிட்டு இறங்கும், அடுக்கிலிருந்து சீட்டை உருவும், ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு தானே கூண்டுக்குள் போகும். ஜோசியர் வாசிப்பதோடு சரி.

ஆனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். 2024 மக்களவைத் தேர்தலில் கடலூரில் நின்ற தங்கர் பச்சான் ஜெயிப்பார் என்று ஒரு கிளி சீட்டு எடுத்தது. வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்து, கிளிகளைப் பறிமுதல் செய்தது. பிறகு வேட்பாளரும் தோற்றார். ஊருக்கே பலன் சொன்ன கிளிக்கு, வனத்துறை வரப்போகும் சீட்டு மட்டும் அகப்படவில்லை.

எனவே மந்திரவாதி ஆக நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு பல்லி. அந்த வெளிநாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது, நம் பஞ்சாங்கத்திலும் அதற்குத் தனி அட்டவணை உண்டு. கூண்டு வேண்டாம், நெல் வேண்டாம், பொற்காசும் வேண்டாம்; டியூப்லைட்டைப் போட்டால் தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். ஒரே நிபந்தனை: தலையில் விழுந்தால் கலகம் என்று போட்டிருக்கிறது. டியூப்லைட்டுக்கு நேர்கீழே உட்காராதீர்கள்.