கறுப்பு வெள்ளை பிரிண்டர் வாங்கப்போகும் ஸ்ரீரங்கத்தாருக்கு

236 அடி ராஜகோபுரத்துக்கும் வண்ணம் பூசி வைத்திருக்கிற ஊரில் இருந்துகொண்டு கறுப்பு வெள்ளையில் படம் போட ஆசைப்படுகிறீர்கள். துணிச்சல்தான். இனி செலவைப் பார்ப்போம்.

முதல் வேலை, பிரிண்டர் வாங்காமல் இருப்பது. பிள்ளையின் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கிய நாலு கலர் இங்க் டேங்க் வீட்டிலேயே கிடக்கும். கோவிலுக்குள் உங்கள் கட்சியில் இருக்கும் ஒரே கோபுரமான வெள்ளைக் கோபுரத்தை அதில் போட்டுப் பாருங்கள். கிரே வேண்டுமென்றால் அந்த மெஷின் கலர் மைகளைத்தான் கலக்கும். கலவை கொஞ்சம் பிசகினாலும் கோபுரம் பாசி பிடித்துவிடும். "ஏன்னா, வெள்ளைக் கோபுரத்துக்கு எப்போ பச்சை அடிச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தால் புது மெஷினுக்கு உத்தரவு கிடைத்துவிட்டது. மனசு மாறுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.

கடைக்காரர் டிபிஐ கணக்கை ஒப்பிப்பார். தலையை மட்டும் ஆட்டுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: கறுப்பு எத்தனை? எப்சன் பி900இல் பத்து மை. அதில் நாலு கறுப்பு வம்சம்: பளபளப்புத் தாளுக்கு ஒன்று, மேட் தாளுக்கு ஒன்று, அப்புறம் கிரே, லைட் கிரே. கேனான் ப்ரோ-1000இல் மொத்தம் 12 டப்பா. அங்கேயும் இந்த நால்வர் உண்டு. வெள்ளைக் கோபுரத்துச் சுதைப் பொம்மையின் தோளும் வெள்ளை, அதன் பின்சுவரும் வெள்ளை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது லைட் கிரேதான். அது இல்லாத மெஷின் அந்த இடத்தில் கறுப்பைப் பொட்டுப் பொட்டாகத் தெளிக்கும், அல்லது வெறும் தாளை விட்டுவிட்டுப் போய்விடும்.

இதுவும் போதாதவர்களுக்கு ஜான் கோன் என்ற அமெரிக்கரின் பியஸோகிராஃபி மை முறை இருக்கிறது. கலர் மைகளை எல்லாம் வெளியேற்றிவிட்டு, கறுப்பையே பல அடர்த்திகளில் ஊற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் ப்ராஜெக்ட்டில் இந்திய தேசியக் கொடி வரும் நாளன்று வெளியூர் போய்விடுங்கள்.

கறுப்பைச் சோதிக்கக் கோவிலின் சேஷராயர் மண்டபம். அங்கே முன்னங்காலைத் தூக்கி நிற்கும் கல் குதிரைகளின் வயிற்றுக்குக் கீழே விழும் நிழலைப் படமெடுத்துப் போட்டுப் பாருங்கள். பேரட்டா தாளில் நிழலுக்குள்ளும் உளிவேலை தெரியும். ஹானமூலே ஃபோட்டோ ராக் மாதிரிப் பருத்தித் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழம் போகாது. ஆனால் கல், கல்லாகவே இருக்கும். என் ஓட்டு பருத்திக்கு. விலையை வீட்டில் சொல்ல வேண்டாம். கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் தாள் மட்டும் கூடாது. சலவைத்தூளில் இருக்கும் அதே ஒளிரூட்டிதான் அதிலும் இருக்கிறது. காலப்போக்கில் அது சோர்ந்ததும் தாள் மஞ்சளடிக்கும்.

மெஷினைக் காவிரிப் பக்க ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஆடிக் காற்று மணலைக் கொண்டுவந்து உள்ளே குடிவைக்கும். கத்திரி வெயிலில் நாஸிலில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் வாரம் ஒரு படமாவது போட்டாக வேண்டும். போடாவிட்டால் ஹெட் கிளீனிங் என்று சொல்லி அதுவே மையைக் குடித்துவிடும். படமும் வராது, மையும் இருக்காது.

மை காயாமலிருக்க வீட்டில் ஏசி கேட்டு வாதாடும்போது லின்னேயஸ் ட்ரைப் பேரை மட்டும் எடுக்காதீர்கள். மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக 1858இல் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்தவர். மெழுகு ஏற்றிய காகிதமே நெகட்டிவ்; பிரிண்ட் போட வெயில். வானம் வெறுமையாக வந்தால் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டிவிடுவார். கிட்டத்தட்ட 170 வருஷமாகியும் அந்தப் படங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இதெல்லாம் வீட்டில் தெரிந்தால் ஏசி போச்சு.

கடைசியாக ஃபிரேம் கடை. நாலு கறுப்பும் பருத்தியும் சேர்ந்த உங்கள் பிரிண்ட்டை கடைக்காரர் ட்யூப்லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "என்ன சார், கலர் இங்க் தீர்ந்துருச்சா?" என்பார். ஆமாம் என்று சொல்லுங்கள். கண்ணாடிக் கூலியில் இருபது ரூபாய் குறைப்பார்.