ஒரே இடம், இரண்டு முகவரி

கணினி நினைவகத்தின் ஒரே இடத்தை இரண்டு சுட்டிகள் குறித்தால், ஒன்றின் வழியாக எழுதும்போது மற்றொன்றை நம்பியிருப்பவருக்குத் தெரியாமலே மதிப்பு மாறிவிடும். நிரல் சரியென்று கணித முறையில் நிரூபிப்பவர்களுக்கு இது தீராத தலைவலி. இதற்கு அரசு வடிவமும் உண்டு. 2008-இல் இளையரசனேந்தல் குறுவட்டம் சங்கரன்கோவில் வட்டத்தை விட்டு, தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்ந்தது. அதன் ஊராட்சிகளோ பழைய குருவிகுளம் ஒன்றியத்திலேயே தங்கிவிட்டன. பட்டாவுக்குக் கோவில்பட்டி பஸ், தெருவிளக்குக்குக் குருவிகுளம் பஸ்.

கணினி அறிவியலாளர்கள் ரெனால்ட்ஸ், ஓஹெர்ன் முதலியோர் நிரல் நிரூபணத்துக்காக 2000-ஐ ஒட்டி வகுத்த பிரிப்புத் தர்க்கம் இந்த இரட்டை முகவரிக்கு இடம் தராது: நினைவகம் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத துண்டுகளாகப் பிரிய வேண்டும், ஒரு துண்டின் மீதான வேலை அடுத்ததைத் தொடக்கூடாது. மனு கொடுத்து வாங்க முடியாத ஒழுங்கு.

நினைவகத்தை இப்படித் துண்டுகளாகப் பார்க்கும் இன்னொன்று, லெருவா ஆய்வுக் குழுவின் காம்ப்செர்ட்: சி மொழிக்கான, சரியென்று நிரூபிக்கப்பட்ட தொகுப்பி. அதன் நிரூபண மாதிரியில் சுட்டி என்பது வெறும் எண் அல்ல. எந்த நினைவகத் தொகுதி, அதற்குள் எவ்வளவு தூரம் என்ற இணை. புதுத் தொகுதி கேட்டால் இல்லையென்ற பேச்சே கிடையாது, அங்கே நினைவகம் தீராது. நிரூபணமான நிரல் கடைசியில் வந்து இறங்கும் மடிக்கணினியில் இருப்பது 8 ஜிபி. அதில் பாதிக்கு உலாவி ஏற்கெனவே பட்டா போட்டிருக்கும்.