நல்லொழுக்கம் பார்த்து ஓட்டு

1906-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்கு ஒரு ஆளுநர் தேவைப்பட்டார். முக்கியப் போட்டியாளர்கள் இருவருமே பத்திரிகைப் பெரும்புள்ளிகள். 'அட்லாண்டா ஜர்னல்' முன்னாள் முதலாளி ஹோக் ஸ்மித். 'அட்லாண்டா கான்ஸ்டிட்யூஷன்' ஆசிரியர் கிளார்க் ஹோவெல். ரயில் கம்பெனிகளின் அட்டகாசத்தைப் பற்றியும் பேசினார்கள்தான். ஆனால் மேடை சூடானது வேறொரு கேள்வியில்: கறுப்பினத்தாரின் ஓட்டை எப்படிப் பறிப்பது?

பறிக்கலாமா என்ற சந்தேகம் இருவருக்குமே இல்லை. அரசியல் சட்டத்தைத் திருத்தி அடியோடு பிடுங்க வேண்டும் என்றார் ஸ்மித். ஹோவெல் எதிர்த்தார். அடடா, நியாயவான் என்று நினைத்துவிடாதீர்கள்! தலைவரி கட்டாதவருக்கு ஓட்டில்லை, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் வெள்ளையருக்கு மட்டுமே ஓட்டு. புதுச் சட்டம் எதற்கு என்பதுதான் அவர் வாதம். எழுத்தறிவுச் சோதனை வைத்தால் படித்த கறுப்பர் தேறிவிடுவார், படிக்காத வெள்ளையர் மாட்டிக்கொள்வார் என்ற கவலை வேறு.

ஆகஸ்டில் நடந்த அந்த வேட்பாளர் தேர்வில் ஸ்மித் அமோகமாக ஜெயித்தார். அடுத்த மாதம், செப்டம்பர் 22 சனிக்கிழமை, வெள்ளைப் பெண்களைக் கறுப்பர்கள் தாக்கினார்கள் என்று அட்லாண்டாவின் மாலைப் பத்திரிகைகள் சிறப்புப் பதிப்புக்கு மேல் சிறப்புப் பதிப்பாக அடித்துத் தள்ளின. விசாரணையா? அச்சு மை காயவே நேரமில்லை. ஆயிரக்கணக்கான வெள்ளையர் தெருவில் இறங்கினார்கள். டிராமில் வந்தவர்களை இழுத்துப்போட்டு அடித்தார்கள். கடையில் வேலை செய்துகொண்டிருந்த நாவிதர்களைக் கொன்றார்கள். சில பிணங்களை இழுத்துவந்து ஹென்றி கிரேடி சிலையின் காலடியில் போட்டார்கள். கிரேடி யார் தெரியுமா? 'புதிய தெற்கு' மலர்ந்துவிட்டது என்று பிரசங்கம் செய்தவர். அவரும் 'கான்ஸ்டிட்யூஷன்' ஆசிரியர்தான்!

செத்த கறுப்பினத்தார் குறைந்தது 25 பேர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்லும் கணக்கு. அதே ஊரில் 'வாய்ஸ் ஆஃப் த நீக்ரோ' நடத்திய மேக்ஸ் பார்பர், பழி யார்மேல் என்று நியூயார்க் பத்திரிகை ஒன்றுக்கு எழுதினார். ஊரை விட்டே ஓட நேர்ந்தது. உசுப்பிவிட்டவருக்கு ஆளுநர் மாளிகை, உண்மை எழுதியவருக்கு ரயில் டிக்கெட்.

1908-ல் சட்டத் திருத்தமும் வந்தது. அதில் எந்த இனத்தின் பெயரும் கிடையாது, அவ்வளவு கண்ணியம்! 40 ஏக்கர் நிலமோ 500 டாலர் சொத்தோ இருக்க வேண்டும், இல்லையேல் அரசியல் சட்டத்தைப் படித்துக்காட்ட வேண்டும், அல்லது நல்லொழுக்கம் வேண்டும். போர்வீரரின் வாரிசு என்றால் இதெல்லாம் வேண்டாம். ஒழுக்கத்தை அளந்து பார்த்தவர்கள் வெள்ளை அதிகாரிகள்.

ஸ்மித் பிறகு செனட்டரானார். வரலாற்று நூல்கள் அவரை முற்போக்குச் சீர்திருத்தவாதி என்கின்றன. ஜார்ஜியாவின் தலைவரி 1945-ல்தான் ஒழிந்தது.