முழங்காலும் கரடியும்

"மொத்தமே அஞ்சு மைல்தான் அத்தான். ஒரு காலத்துல ரயில் போன பாதை" என்று மச்சினன் சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். ரயிலுக்கு முழங்கால் கிடையாது.

நார்த் கரோலினாவின் கிரேட் ஸ்மோக்கி மலைக்காட்டில் பிக் கிரீக் என்றொரு ஓடை. மரம் வெட்டும் கம்பெனிகள் அதன் ஓரமாகத் தண்டவாளம் போட்டுக் காட்டை மொட்டையடித்தன. 1934-இல் தேசியப் பூங்கா வந்தது. இப்போது தடமும் இருக்கிறது, காடும் திரும்பிவிட்டது. எங்களுக்கு 37-ஆம் எண் முகாம். ஓர் இரவுக்கு ஆளுக்கு 8 டாலர் கட்டினால் படுக்கத் தரை கிடைக்கும். கூடாரம், பாய், தலையணை எல்லாம் நம் முதுகில்.

ஏறக்குறைய ஒன்றரை மைலில் மிட்நைட் ஹோல் என்ற மடு. இரண்டு பாறைகளுக்கு நடுவே விழுந்து பச்சையாய்த் தேங்கும் தண்ணீர். மச்சினன் தொபுக்கடீர் என்று குதித்தான். நான் காலை மட்டும் நனைத்தேன். ஆகஸ்ட் மாதத்திலும், கால் இன்னும் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

இந்தப் பூங்காவில் சதுர மைலுக்குச் சுமார் 2 கருங்கரடி என்கிறார்கள். அதாவது எங்களுக்கு ஆளுக்கொன்று. அதனால் சாப்பாடு மட்டுமல்ல, வாசனை உள்ள எதுவுமே கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது. முகாமில் மரங்களுக்கிடையே கம்பிவடம் கட்டிக் கப்பி போட்டிருக்கிறது. கிணற்றில் இறைப்பதுபோல இழுத்தால் பை மேலே போகும். பெருங்காயம் மணக்க என் மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரை போயிற்று. பற்பசை, சந்தன சோப்பு, கோடாலித் தைலக் குப்பி எல்லாம் போயின. ஆனால் பாதித் தைலம் ஏற்கெனவே என் முழங்கால்களில் இருந்தது. மச்சினன் மூக்கை உறிஞ்சினான்.

"சட்டப்படி பார்த்தா உங்களையும் மேல ஏத்தணும் அத்தான்."

அவன் படுத்ததும் குறட்டை. எனக்குத் தூக்கம் வரவில்லை. கரடிப் பயம் ஒரு பக்கம். ஓடைச் சத்தம் இன்னொரு பக்கம். சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்து வளர்ந்தவனுக்கு, ராத்திரி முழுக்கத் தண்ணீர் கொட்டினால் எப்படித் தூங்க முடியும்? எழுந்துபோய்க் குழாயை மூடு, மூடு என்று கை பரபரத்தது.

விடிந்தது. கரடி வரவில்லை. பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்கார அம்மாள் வந்தார். ராத்திரியெல்லாம் உங்கள் பக்கமிருந்து காரமாக ஒரு மருந்து வாசனை வந்ததே, கரடியை விரட்டவா, நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம், எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினன், "எங்க ஊர்ல பரம்பரை பரம்பரையா இதுதான்" என்று சொல்லி, குப்பியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டான்.

திரும்பி இறங்க அதே 5 மைல். தைலம் இல்லை.