மேல்வீட்டு மௌனசாமி

சீசன் தொடங்கிவிட்டது. மேல்வீட்டுக்கு மௌனசாமி வந்துவிட்டார். திருவண்ணாமலையில் ரமண நகர், செங்கம் ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறவர்களிடம் ஆளைப் பற்றி விளக்கவே வேண்டாம். வெள்ளை ஜிப்பா, ஜோல்னாப் பை, வெறுங்கால், கழுத்தில் ‘மௌனம்’ என்று இங்கிலீஷில் எழுதிய அட்டை. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வந்து, பங்குனி வெயிலில் உள்ளங்கால் பொரியும்போது ஊருக்குக் கிளம்புவார்.

வாய்க்குத்தான் விரதம். பேனாவுக்கு இல்லை. காலையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் மாடிப்படியில் காலடி கேட்கும். கதவிடுக்கில் ஒரு சீட்டு நுழையும். ‘வணக்கம். விசிலை ஒன்றாகக் குறைக்க முடியுமா? அன்புடன்.’

ஒரு விசிலில் துவரம்பருப்பு வேகுமா என்பதை அவர் ஊரில் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அது போகட்டும். அந்தச் சீட்டு வந்தபிறகு நடப்பதுதான் விசேஷம். அது இங்கிலீஷில் இருக்கும். ஒன்பதாவது படிக்கிற பையனை எழுப்ப வேண்டும். அம்மாவுக்குக் காது மந்தம்; ஆனால் சீட்டில் இருப்பது தெரியாமல் விடமாட்டாள்.

“என்னடா சொல்றாரு சாமி?”

“குக்கர் சத்தம் வரக்கூடாதாம் பாட்டி!”

“சோறே ஆக்கக்கூடாதாமா?”

“சோறு இல்ல பாட்டி, சத்தம்! சத்தம்!”

எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, “என்ன சண்டை?” என்பாள். அவளுக்கும் விளக்கியாக வேண்டும். ஆக, ஒரு மௌனச் சீட்டுக்கு அரைமணி நேரக் கூச்சல். அது அடங்குவதற்குள் மாடியிலிருந்து இரண்டாவது சீட்டு இறங்கும்: ‘கீழே ஏதாவது பிரச்சினையா?’

ரமணாசிரமத்து மயில் தொண்டை கிழிய அகவினால் மட்டும் கண்மூடிப் புன்னகைப்பார். அது இயற்கையாம். பருப்பு வேகிறது செயற்கை போலிருக்கிறது.

மார்கழியில் தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கிக்கும் ஒரு சீட்டு எழுதி, கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை என்னிடம் தந்தார். மைக்செட்காரர் வாங்கிப் பார்த்தார். “சாமி பாட்டைப் பத்திக் கேக்குறாரா? நல்லாவே கேக்கட்டும்” என்று இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்தார்.

“எங்கே கிளம்பிட்டீங்க?” என்று கேட்டால் முகம் சுருங்கும். “சாப்பிட்டீங்களா?” என்றால் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார். அதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

ரமணரைப் பற்றிச் சொன்ன பால் பிரண்டனின் புத்தகம் 1934இல் வந்ததிலிருந்து ரமணரின் மௌனத்தைத் தேடி நம்ம சாமி மாதிரி வெளிநாட்டுக்காரர்கள் வந்தபடிதான் இருக்கிறார்கள். நல்லதுதான். 1896இல் இங்கே வந்த புதிதில் ரமணர் பேசாமல் இருந்தது உண்மை. பிற்காலத்தில் கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார், பேப்பர் படித்தார், விடியுமுன் ஆசிரமச் சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கினார். அங்கே ஆட்டுக்கல்லும் அம்மியும் ஓசையில்லாமலா அரைத்திருக்கும்? இதை நானும் ஒரு சீட்டில் எழுதி மேலே அனுப்பினேன். கீழே ஒரு கும்பிடு வரைந்து திருப்பி அனுப்பினார்.

ஒருநாள் கேஸ் தீர்ந்துபோய் அடுப்பே பற்றவைக்கவில்லை. பத்து மணிக்குச் சீட்டு வந்தது: ‘இன்று விசில் கேட்கவில்லை. பாட்டி நலமா?’ பையன் படித்துச் சொன்னதும் அம்மா, “பாவம்டா, நல்ல மனுசன்” என்று அவருக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தனுப்பினாள். எனக்கும் மனசு இளகத்தான் செய்தது.

ஆனால் அந்த மேல்வீட்டில் முன்பு ஒரு வாத்தியார் குடும்பம் இருந்தது. மூன்று பிள்ளைகள். மாடியில் நாள் முழுக்க ஓட்டம். நாங்கள் வருஷம் முழுக்கத் தருகிற வாடகையைச் சாமி நாலு மாதத்தில் தந்துவிடுவதால், வாத்தியாரைக் காலிபண்ணச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். இப்போது வாத்தியார் ஊருக்கு வெளியே எங்கேயோ இருந்து இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் வருகிறார். சாமி போனபிறகு மீதி எட்டு மாதமும் மேல்வீடு பூட்டித்தான் கிடக்கிறது. போன வாரம் வீட்டுக்காரர் எங்களிடமும் வந்தார். கீழ்வீட்டையும் சீசனுக்கே விடலாமா என்று யோசிக்கிறாராம். இதற்கு எந்தச் சாமியிடம் சீட்டு எழுதிக் கொடுப்பது?