ஒத்த டிக்

ஏலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் சுண்டிப் போயி கெடக்கு? ராத்திரி அந்தப் புள்ளைக்கு அனுப்புன சேதி இன்னும் ஒத்த டிக்கோடதான் நிக்குதோ? அதுக்கா சோறு எறங்கல?

ஒத்த டிக்குன்னா சேதி அவ செல்லுக்குப் போய்ச் சேரலன்னு அம்புட்டுதாம்ல. சார்ஜ் போயிருக்கும், டவர் கெடைச்சிருக்காது, நெட்டு தீந்திருக்கும். ஒன்னைய பிளாக்கே பண்ணிருக்கவும் கூடும், நான் இல்லங்கல. இதுல எதுன்னு கண்டுபிடிக்க முடியாதபடி வாட்ஸப்காரன் வேணும்னேதான் வச்சிருக்கான். நீ என்னன்னா கடைசியா சொன்னத மட்டும் புடிச்சுக்கிட்டு விடியவிடிய முழிச்சுக் கெடக்க.

நீல டிக்கு வந்தது 2014 நவம்பர்ல. அதுக்கு முன்ன லவ் பண்ணவன் ‘பாத்திருக்க மாட்டா’ன்னு நம்பிக்கிட்டு நிம்மதியாத் தூங்குனான். சனங்க போட்ட கூப்பாட்டுல, கொஞ்ச நாள்லயே அத அணைச்சு வைக்க வழி குடுத்துட்டான். நீயும் அணைச்ச, கெட்டிக்காரன்! ஆனா ஒன் நீலத்த மறைச்சா அவ நீலமும் ஒனக்குத் தெரியாதுல்லா? லாஸ்ட் சீனுக்கும் அதே கததான். ரெண்டு பேரும் கண்ணக் கட்டிக்கிட்டுல்லா கண்ணாமூச்சி ஆடுதீக.

போன வாரம் ரெட்ட டிக்கு விழுந்தும் பதில் வரலன்னு, மளிகைக்கடைப் பய செல்ல எரவல் வாங்கிப் பாத்தியாமே. ராத்திரி பதினோரு மணிக்கு ஆன்லைன்னு காட்டுச்சாம், ‘எவன்கூடப் பேசுதா’ன்னு ஒனக்குக் காய்ச்சலே வந்துட்டாம். பி.எட். படிக்குத புள்ளல, கிளாஸ் குரூப்புல நோட்ஸ் பாத்திருப்பா.

2022-ல ‘லவ் டுடே’ படம் வந்துச்சே, பொண்ணோட அப்பன் ரெண்டு பேரையும் செல்ல மாத்திக்கிடச் சொல்லுவாருல்லா, அதப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்ச. ‘நாமளும் மாத்திக்கிடுவமா’ன்னு அவ கேட்டப்ப மட்டும் ஒனக்கு எதுக்குல வயித்தவலி வந்துச்சு? அவ செல்லுல என்ன இருக்கும்னு நீ பயப்படுதியோ, அதெல்லாம் ஒன் செல்லுல இருக்குதுபோல.

ஒங்க ஆச்சியும் எனக்கு லேசுல பதில் சொல்ல மாட்டா. ஆனா நான் சொன்னது காதுல விழுந்துச்சா, கோவம் எம்புட்டுன்னு அடுப்படியில பாத்திரம் உருளுத சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிரும். ஒனக்கு அந்தக் குடுப்பின இல்ல. அதனால சேதி அனுப்பாத, நேர்ல போயி ‘ஏந்தாயி, எம்மேல கோவமா’ன்னு கேட்டுரு. இல்லன்னா டீ வாங்கிக் குடு, ஆமான்னா ரெண்டு டீ.

போறப்ப மளிகைக்கடைப் பயலுக்கு அவன் செல்லத் திருப்பிக் குடுத்துட்டுப் போல. அவனுக்கும் ஒரு ஒத்த டிக்கு நிக்குதாம்.