கோபத்துக்கு 60 நாள்

லண்டனில் வேலை விசாவில் இருக்கும் குடும்பத்துக்குக் கோபப்பட முழுச் சுதந்திரம் உண்டு. கோபப்பட்டால் 60 நாளில் மூட்டை கட்டவேண்டி வரும், அவ்வளவுதான்.

முதியோரைப் பார்க்க ஆளில்லை என்று 2022 பெப்ரவரியில் பிரித்தானியா கதவைத் திறந்தது. முதலாளி எடுத்துத் தரவேண்டிய 'சிஓஎஸ்' என்ற ஸ்பொன்சர் சான்றிதழுக்கு அப்போது அரசாங்கக் கட்டணம் 199 பவுண். அதை நம்மட முதலாளி அண்ணைமார் சிலர் 15,000க்கு விற்றார்கள். தாலிக்கொடி முதல் பிள்ளையின் காப்பு வரை பவுணை அடகுவைத்து, பவுண் உழைக்க வந்திறங்கியது சனம்.

காலை ஆறரைக்கு முதல் வீடு. கிழவியைத் தூக்கி, கழுவி, உடுப்பு மாற்றி, குளிசை கொடுத்து, தேத்தண்ணி வைத்து, முடித்த நேரத்தைப் போனில் பதியவேண்டும். அடுத்த வீட்டுக்கு இரண்டு பஸ். பஸ்ஸில் போகும் நேரத்துக்குச் சம்பளமில்லை. அது ஊர் பார்க்கிற நேரமாம். 14 மணித்தியாலம் வெளியில் நின்றவளின் சம்பளத் துண்டில் ஏழு மணித்தியாலம். அண்ணையைக் கேட்டால், "நானும் கஷ்டப்பட்டுத்தான் வந்தனான் தங்கச்சி. ஏலாதெண்டால் சொல்லுங்கோ, ஸ்பொன்சரை நிப்பாட்டுறன்."

முறைப்பாடு செய்யலாம்தான். ஹோம் ஒபிஸ் அண்ணையின் லைசன்ஸைப் பறிக்கும்; அதே கையோடு தங்கச்சியின் விசாவையும் 60 நாளாகக் குறுக்கும். மனுநீதிச் சோழனின் மணியை அடித்த பசுவையே நாடுகடத்துகிற நீதி. அந்த 60 நாளுக்குள் இன்னொரு அண்ணையைப் பிடிக்கவேண்டும்; அடகுவைக்க இனி என்ன இருக்கிறது? புருசன் பல்லைக் கடிக்கிறான். இங்கே பல் டொக்டரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு என்பதால் பார்த்துத்தான் கடிக்கிறான்.

2020 கொரோனாக் காலத்தில் பத்து வியாழக்கிழமைகள், இரவு எட்டு மணிக்கு, இதே நாடு வாசலில் நின்று இந்த வேலைக்காரருக்குக் கைதட்டியது. 2024 மார்ச்சில், வாருங்கோ, பெண்டில் பிள்ளையை விட்டிட்டு வாருங்கோ என்றது. 2025 ஜூலையில், வெளிநாட்டிலிருந்து இனி வரவே வேண்டாம் என்றது. கைதட்டினதற்கு மட்டும் இன்னும் பில் வரவில்லை.

ஸ்பொன்சருக்குக் கோயில் தமிழில் உபயகாரர் என்று பெயர். போன தேர்த்திருவிழாவில் அன்னதானம் அண்ணையின் உபயம். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தானே பரிமாறினார். வரிசையில் தங்கச்சி, பிள்ளை, பல்லைக் கடிக்கிறவன்.

"என்ன தங்கச்சி, சுகமோ?"

"ஓம் அண்ணை, நல்ல சுகம்."

சோற்றில் இன்னொரு கரண்டி பருப்பு விழுந்தது. அன்றைக்கு அவர் கணக்குப் பார்க்கவில்லை.